வாலஸும் க்ரோமிட்டும்: பிள்ளைகளுக்கு முதலில் எந்த மர்மத்தைப் போடுவது?

வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு துப்பறியும் படம் வேண்டும், அது சிரிக்கவும் வைக்க வேண்டும் என்று தேடினால், களிமண் பொம்மைப் படங்களில் முழுசாகத் தேறுவது ஒரே ஒரு வரிசைதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருக்கும் ஆர்ட்மன் நிறுவனம் எடுத்த வாலஸ் - க்ரோமிட் படங்கள். சீஸ் என்றால் உயிரை விடும் ஒரு வழுக்கைத்தலைக் கண்டுபிடிப்பாளர் வாலஸ். அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் நாய் க்ரோமிட். அதற்குப் பேச்சு வராதது மட்டுமல்ல, முகத்தில் வாயே கிடையாது. துப்பறிவதெல்லாம் நாய், மாட்டிக்கொள்வதெல்லாம் மனிதர்.

முதல் படம் 1989இல் வந்தது. சீஸ் தீர்ந்துபோய் நிலவுக்கே ராக்கெட் விடுகிற கதை. அதில் குற்றமும் இல்லை, மர்மமும் இல்லை. இந்தக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம். மிச்சம் ஐந்து. அரைமணி நேரப் படங்கள் மூன்று: 'தி ராங் டிரௌசர்ஸ்' (1993), 'எ க்ளோஸ் ஷேவ்' (1995), 'எ மேட்டர் ஆஃப் லோஃப் அண்ட் டெத்' (2008). முழுநீளப் படங்கள் இரண்டு: 85 நிமிடம் ஓடும் 'தி கர்ஸ் ஆஃப் தி வேர்-ராபிட்' (2005), 79 நிமிடம் ஓடும் 'வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்' (2024).

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: நெட்ஃபிளிக்ஸைத் திறந்ததும் கண்ணில் படுகிற 2024 படத்தைப் போட்டுவிடுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வரிசையின் நல்ல அடி ஒன்று அதனாலேயே வீணாகிவிடும். 1993 படத்திலிருந்து தொடங்குங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

திருடனைக் காட்டிவிடும் கதை, மறைத்து வைக்கும் கதை

ஐந்து படங்களையும் நீளத்தை வைத்துப் பிரிப்பதைவிட, ரகசியத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பிரிப்பது உதவும். ராங் டிரௌசர்ஸ், லோஃப் அண்ட் டெத், வெஞ்சன்ஸ் மூன்றிலும் குற்றவாளி யார் என்பது பார்ப்பவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். தெரியாதது வாலஸுக்கு மட்டும். 'ஐயோ, அவன் பின்னாலேயே நிற்கிறானே' என்று பிள்ளைகள் டிவியைப் பார்த்துக் கத்துவது இந்த மூன்றில்தான்.

க்ளோஸ் ஷேவ் நடுவில் நிற்கிறது. யார் மேல் சந்தேகப்பட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தெரியும். அவன் உண்மையில் யார் என்பதைக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பார்கள். வேர்-ராபிட் மட்டுமே முழு மர்மக் கதை. பார்ப்பவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு உண்மையை இன்னொரு பக்கம் வைத்திருக்கிறார்கள். பாதியில் அது திரும்பும்போது பெரியவர்களும் ஒரு நொடி திகைப்பார்கள்.

ஆறேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மறைத்து வைக்கும் கதை பெரும்பாலும் எடுபடாது. தடயங்களைக் கோத்து வைத்துக்கொள்ளும் பொறுமை அந்த வயதில் குறைவு. இருபது நிமிடத்தில் 'யாரு இது?' என்று நச்சரிப்பு தொடங்கிவிடும். தனக்குத் தெரிந்த ஒன்று படத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்கிற பெருமை இருந்தால், அதே பிள்ளை கண் இமைக்காமல் உட்காரும்.

தி ராங் டிரௌசர்ஸ்: இங்கேதான் தொடங்க வேண்டும்

காசு நெருக்கடி. வாலஸ் வீட்டு அறையொன்றை வாடகைக்கு விடுகிறார். குடி வருவது ஒரு பெங்குயின், பெயர் ஃபெதர்ஸ் மெக்ரா. வந்தவன் க்ரோமிட்டின் அறையையே பிடித்துக்கொள்கிறான், ராத்திரி முழுக்கப் பாட்டு வைக்கிறான், காலையில் வாலஸுக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்து நல்ல பேர் வாங்குகிறான். மனம் நொந்த நாய் மூட்டை கட்டிக்கொண்டு மழையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. விருந்தாளி வந்ததும் தன் இடம் போன பிள்ளைக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் போட இதைச் சொல்ல மூன்று காரணங்கள்.

ஒன்று, பேச்சு. படம் முழுவதிலும் வாய் திறந்து பேசுவது வாலஸ் ஒருவர்தான். நாயும் பேசாது, பெங்குயினும் பேசாது. ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத பிள்ளைகூடக் கதையை ஒரு இழை விடாமல் பின்தொடரலாம். வாலஸ் பேசுவது வட இங்கிலாந்து வழக்கு. வட்டார உச்சரிப்பு பழகாத பெரியவர்களுக்கே சில வரிகள் நழுவும். நழுவினாலும் நஷ்டமில்லை.

இரண்டு, வில்லன். ஃபெதர்ஸின் முகத்தில் இருப்பது இரண்டு கறுப்பு மணிக்கண்களும் ஒரு அலகும். புருவம் கிடையாது, சிரிப்பு கிடையாது, கோபம் கிடையாது. அசையாமல் நின்று எப்போதாவது ஒருமுறை கண்ணை மூடித் திறப்பான். அவ்வளவுதான். க்ரோமிட்டுக்கு நெற்றிப் புருவம்தான் முழு நடிப்பும். அது மில்லிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கி மொத்த மனசையும் காட்டிவிடும். ஒரு பொம்மை எல்லாவற்றையும் காட்டுகிறது, எதிரே இன்னொரு பொம்மை எதையும் காட்டுவதில்லை. பயமும் சிரிப்பும் அந்த வித்தியாசத்தில்தான் பிறக்கின்றன. தலையில் ஒரு சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு இதே பெங்குயின் கோழியாக வேஷம் போடுகிறான். ஊர் முழுக்கத் 'தேடப்படும் கோழி' என்று சுவரொட்டி. அதில் இருப்பது யார் என்று உங்கள் வீட்டு வாண்டு உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.

மூன்று, அருங்காட்சியகக் கொள்ளை. தூங்கிக்கொண்டிருக்கும் வாலஸை ஒரு இயந்திரக் கால்சட்டைக்குள் மாட்டி, ரிமோட்டால் நடக்கவிட்டு, சுவரேறிக் கூரையில் தலைகீழாகக் கூட்டிப்போய் வைரத்தைத் தூக்குகிறான் பெங்குயின். எச்சரிக்கை மணி அலறும்வரை வாலஸின் தூக்கம் கலைவதில்லை. வைரத்தைச் சுற்றி லேசர் கம்பிகள். அதற்குள் இறங்கும் கொக்கியின் ஆட்டம், கூரையில் பிடிப்பு விடப்போகும் ஒரு பலகை. வசனம் ஒன்றுகூட இல்லாமல் நிமிடக்கணக்கில் மூச்சைப் பிடிக்கவைப்பது எப்படி என்று பெரியவர்களுக்கான கொள்ளைப் படம் எடுப்பவர்களே இதைப் பார்த்துப் படிக்கலாம்.

கடைசியில் வீட்டுக்குள்ளேயே பொம்மை ரயில் துரத்தல். தண்டவாளம் தீர்ந்துபோகிறது. க்ரோமிட் எஞ்சின் மேல் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து துண்டு துண்டாகத் தண்டவாளத்தை எடுத்து ஓடும் ரயிலுக்கு முன்னால் போட்டுக்கொண்டே போகிறது. இந்த இடத்தில் பின்னணி வேகத்தில் கலங்கித் தெரிவதைக் கவனியுங்கள். நிழற்படம் நிழற்படமாக எடுக்கிற படத்தில் இயல்பாக அப்படிக் கலங்காது. ஒவ்வொரு சட்டத்திலும் (ஃபிரேம்) பொம்மை அசையாமல்தான் நிற்கிறது. அதனால் கேமராவையும் பொம்மையையும் சேர்த்தே நகர்த்தி, அந்த நேரம் முழுக்க ஷட்டரைத் திறந்து வைத்தார்கள். பொம்மை தெளிவாக விழும், சுவர் மட்டும் இழுபடும்.

எச்சரிக்க வேண்டியது ஒன்றே: பெங்குயின் கையில் கைத்துப்பாக்கி உண்டு, சுடவும் செய்வான். யாருக்கும் அடிபடாது. மழையில் நாய் வெளியேறும் காட்சிதான் மென்மனசுக்காரப் பிள்ளைகளை அழவைக்கும், துப்பாக்கி அல்ல.

எ க்ளோஸ் ஷேவ்: இரண்டாவது

ஊரில் கம்பளி நூலுக்குத் தட்டுப்பாடு, ஆடுகள் காணாமல் போகின்றன. வாலஸும் க்ரோமிட்டும் ஜன்னல் துடைக்கும் தொழில் நடத்துகிறார்கள். நூல்கடைக்காரி வெண்டலீன் மேல் வாலஸுக்கு ஒரு கண். அவளோடு இருக்கும் ப்ரெஸ்டன் என்ற நாயின் பார்வையே சரியில்லை.

முந்தைய படத்தைவிட வேகம் கூடுதல், பொம்மைகள் கூடுதல், ஒரு துரத்தல் முடிந்ததும் அடுத்த துரத்தல். ஷான் என்ற ஆட்டுக்குட்டி முதன்முதலில் தலைகாட்டுவது இதில்தான். பின்னால் தனித் தொடராக வந்த ஷானைத் தெரிந்த பிள்ளைக்கு இது இரட்டைக் கொண்டாட்டம். அந்த வீடுகளில் இதையே முதலில் போட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் இரண்டு. செய்யாத குற்றத்துக்கு க்ரோமிட் சிறைக்குப் போகிறது. அது எப்படி நடந்தது என்பதைப் பேச்சால் சொல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வரும் செய்தித்தாள் தலைப்புகளால் சொல்கிறார்கள். வேகமாக ஆங்கிலம் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு, நாய் ஏன் கம்பிக்குப் பின்னால் இருக்கிறது என்பதே புரியாமல் போகும். பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, தலைப்பைத் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். சிறையில் க்ரோமிட் படிக்கும் புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள்: 'குற்றமும் தண்டனையும்', எழுதியவர் ஃபிடோ டாக்ஸ்டயெவ்ஸ்கி (தஸ்தயெவ்ஸ்கியின் பேரில் நாயை நுழைத்த கேலி). இன்னொரு சிக்கல், முடிவுக்கு முன் ஆடுகளையும் ஆட்களையும் அரவை இயந்திரத்தை நோக்கி இழுத்துப்போகும் காட்சி. நான்கு வயதுக்காரர்கள் மடிக்கு வந்துவிடுவார்கள்.

ராங் டிரௌசர்ஸும் இதுவும் குறும்பட அனிமேஷனுக்கான ஆஸ்கர் வாங்கியவை. இரண்டையும் ஒரே மாலையில் போட்டால் மொத்தம் ஒரு மணி நேரம். முழுநீளப் படம் ஒன்றைவிட அது சின்னவர்களுக்குப் பொருந்தும். நடுவில் தண்ணீர் குடிக்க, கேள்வி கேட்க இயல்பான இடைவேளையும் கிடைத்துவிடுகிறது.

வேர்-ராபிட்டா, வெஞ்சன்ஸா?

முழுநீளப் படம்தான் வேண்டும் என்கிற வீடுகளில் போட்டி இந்த இரண்டுக்கும் இடையே. அமெரிக்கத் திரைத்துறை கொடுக்கும் வயதுக் குறியீட்டில் 2005 படத்துக்கு ஜி, அதாவது எல்லா வயதினருக்கும். 2024 படத்துக்கு பிஜி, பெற்றோர் கவனம் தேவை. பயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். வேர்-ராபிட்டில் பௌர்ணமி நிலவு, இருட்டுத் தேவாலயத்துக்குள் தனியாக மாட்டும் பாதிரியார், உடம்பு முறுக்கேறி உருமாறும் காட்சி எல்லாம் உண்டு. பௌர்ணமியில் மனிதன் ஓநாயாக மாறும் பழைய பேய்ப் படங்களைக் கேலி செய்துதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய படங்களைப் பார்க்காத ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கேலி தெரியாது, மிருகம் மட்டும்தான் தெரியும்.

கதைக்கு ஒரு முன்குறிப்பு தேவை. இங்கிலாந்தின் கிராமங்களில் பெரிய காய்கறி வளர்க்கும் போட்டி என்று ஒன்று உண்மையாகவே உண்டு. மாதக்கணக்கில் ஒரே பூசணிக்கோ, சுரைக்காய் மாதிரி இருக்கும் 'மாரோ' என்ற காய்க்கோ போர்வை போர்த்தாத குறையாகக் காவல் இருப்பார்கள். இந்தச் செய்தியை முதலில் சொல்லிவிட்டால், ராத்திரியில் தோட்டங்களைத் தின்று தீர்க்கும் மிருகத்துக்கு ஊரே ஏன் இப்படி நடுங்குகிறது என்பது பிடிபடும். வாலஸும் க்ரோமிட்டும் முயல்களைக் கொல்லாமல் பிடித்துக்கொண்டுபோய் வீட்டு நிலவறையில் அடைத்து வைக்கிற தொழில் செய்கிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு மேல் சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

வேர்-ராபிட்டின் இன்னொரு குறை மொழி. சொல் விளையாட்டு அதிகம். மிருகத்தைச் சுடத் தங்கத் தோட்டா வேண்டும், அதுவும் '24 கேரட்'. தங்கத்தின் கேரட்டும் முயல் தின்னும் கேரட்டும் ஒரே ஒலி. தமிழிலும் இரண்டையும் கேரட் என்றே சொல்கிறோம் என்பதால் இந்த ஒன்று மட்டும் தப்பிக்கும். மற்றவற்றில் பாதி காற்றில் போய்விடும். பெரியவர்களுக்கென்று ஒளித்து வைத்த கொஞ்சம் கீழ்த்தரமான நகைச்சுவையும் உண்டு. பிள்ளைகளுக்கு அது புரியாது, 'ஏம்ப்பா சிரிக்கிறே?' என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்.

வெஞ்சன்ஸில் பயம் குறைவு, எந்திரம் அதிகம். வாலஸ் உண்டாக்கிய நார்பாட் என்ற 'ஸ்மார்ட்' பொம்மை தோட்ட வேலை முதல் எல்லாவற்றையும் தானே செய்கிறது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களில் கூம்புத் தொப்பியும் தாடியுமாகக் குட்டி மனிதர் சிலை வைப்பார்கள், அதற்கு 'னோம்' என்று பேர். நார்பாட் அந்த வடிவம். க்ரோமிட் ஆசை ஆசையாக வளர்த்த தோட்டத்தை அது ஒழுங்குபடுத்துகிறேன் என்று சதுரம் சதுரமாக வெட்டி எறிகிறது. மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருக்கும் ஃபெதர்ஸ், அங்கிருந்தபடியே கணினி வழியாக நார்பாட்டைக் கைப்பற்றுகிறான். வாலஸின் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வாலஸுக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் எதுவோ அதுவேதான். இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் யாராவது நெளிந்தால், காரணம் தெரியும்.

ஃபெதர்ஸ் பழைய எதிரி என்பதைப் படம் தொடக்கத்திலேயே சுருக்கமாகச் சொல்லிவிடும், கதை புரியாமல் போகாது. ஆனால் அந்தச் சிவப்புக் கையுறை மறுபடி தலைக்கு ஏறும் நொடி ஒன்று உண்டு. முன்கதை பார்த்த பிள்ளை அந்த இடத்தில் துள்ளிக் குதிக்கும். பார்க்காத பிள்ளைக்கு அது தலையில் கையுறை மாட்டிய பெங்குயின், அவ்வளவே. ராங் டிரௌசர்ஸுக்கு முன் இதைப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

வாலஸின் குரலில் மாற்றம் தெரியுமா என்று சிலர் கேட்பதுண்டு. முதல் ஐந்து படங்களில் பேசிய பீட்டர் சாலிஸ் 2017இல் மறைந்தார். 2024இல் பேசியிருப்பவர் பென் வைட்ஹெட். அடுத்தடுத்த நாள் பார்த்தால் கூர்ந்து கேட்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஒரே ஒரு முழுநீளப் படம்தான் என்றால்: எட்டு வயதுக்கு மேல் வேர்-ராபிட், அதற்குக் கீழே வெஞ்சன்ஸ். மர்மக் கதை என்ற அளவில் வேர்-ராபிட்டின் முடிச்சுதான் உறுதி. 2006இல் முழுநீள அனிமேஷனுக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை. ஒரே மூச்சில் முடியாது என்றால், ஊர்க்காரர்கள் தேவாலயத்தில் கூடிக் கத்தித் தீர்க்கும் காட்சி முடிந்ததும் நிறுத்தி மறுநாள் தொடரலாம். அதற்குள் யார் யார் என்பது மனசில் பதிந்திருக்கும்.

எ மேட்டர் ஆஃப் லோஃப் அண்ட் டெத்: கடைசியில், யோசித்து

அரைமணி நேரம்தானே என்று இதைச் சின்னவர்களுக்கு முதலில் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. ஐந்தில் இருட்டு அதிகம் உள்ளது இதுதான். ஊரில் ரொட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள், பன்னிரண்டு பேர் ஏற்கெனவே போயாகிவிட்டது. முதல் காட்சியே ஒரு கொலை. மற்ற நான்கிலும் களவு, கடத்தல், தோட்டச் சேதம். இதில் மட்டும்தான் சாவு. குற்றவாளியின் முடிவும் மற்ற படங்களைவிடக் கடுமை. பத்து வயதுக்காரர்கள் ரசிப்பார்கள், குறிப்பாக வெடிக்கப்போகும் குண்டை வைத்துக்கொண்டு எறிய இடமில்லாமல் அலையும் காட்சியை.

டிவியில் ஒரு மாற்றம் செய்துவிட்டு உட்காருங்கள்

இந்தப் படங்கள் நொடிக்கு 24 சட்டங்கள். பெரும்பாலான இடங்களில் பொம்மையின் ஒரு நிலையை இரண்டு சட்டங்களுக்குப் பிடித்து வைப்பார்கள், ஆக நொடிக்கு 12 நிலைகள். அரைமணிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 21,600 முறை கை வைத்து நகர்த்தியது. அந்த லேசான வெட்டி வெட்டி நகரும் தன்மைதான் பொம்மைக்கு உயிர்.

புது டிவிகள் பலவும் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தாமே ஒரு படத்தைக் கற்பனை செய்து நுழைத்து வழுவழுப்பாக்கிவிடும். விளையாட்டு ஒளிபரப்புக்கு அது சரி. களிமண் பொம்மையில் அது வேலை செய்தால் ஒரு இடத்தில் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடும், அடுத்த நொடி இடறும், வேகத் துரத்தலில் கைகால் ஓரங்கள் கரைந்து தெரியும். பட அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி' என்ற பேரில் இருக்கும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' வகைக்கு மாற்றினால் பல டிவிகளில் அது தானாகவே குறையும் அல்லது அணைந்துவிடும்.

போனில் பார்ப்பது வேண்டாம். தடயங்களில் பாதி சுவரொட்டியிலும் செய்தித்தாளிலும் அலமாரிப் புத்தக முதுகிலும் இருக்கின்றன. ஆறு அங்குலத் திரையில் அவை வெறும் புள்ளி.

பெரிய திரை என்றால் இன்னொரு வேலையும் செய்யலாம். வாலஸின் கன்னமோ க்ரோமிட்டின் நெற்றியோ நெருக்கத்தில் வரும்போது படத்தை நிறுத்தி, பிள்ளைகளைத் திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். களிமண்ணில் கோடு கோடாகக் கைரேகை தெரியும். பொம்மையை நகர்த்தியவர்களுடையது, வேண்டுமென்றே துடைக்காமல் விட்டது.